ராத்திரி ஒரு கணக்கு, மத்தியானம் ஒரு கணக்கு: 90 பார் அழுத்தத்தில் கரியமில வாயுவை அளப்பது எப்படி?

கங்கைகொண்டான் கருவி:
வணக்கம் அண்ணாச்சிமாரே. நிலக்கரிக் கொதிகலன் புகையை அமீன் கரைசலில் விட்டு கரியமில வாயுவைப் பிரித்து, 90 பாருக்கு அழுத்தி அனுப்புகிறோம். கடைசிக் கூலரைத் தாண்டி ஆரிஃபிஸ் பிளேட் மீட்டர் (துளைத் தகட்டின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை வச்சு ஓட்டத்தை அளக்கிறது) இருக்கு. கம்ப்ரசர் ஓட்டம் மாறலை, வர்ற புகையும் மாறலை. ஆனா மத்தியானம் மீட்டர் 16, 17 சதவீதம் கூடுதலாக் காட்டுது. கூலர் வெளிவாயில் ராத்திரி 35 டிகிரி, உச்சி வெயிலில் 40. டிரான்ஸ்மிட்டரை மாத்தியும் அதேதான். எங்கே தப்பு?

பாளை மீட்டர்:
அடர்த்தியை ஒரே எண்ணாக் கொடுத்து வச்சிருப்பீங்க தம்பி. 90 பாரில் 35 டிகிரிக்கு கன மீட்டருக்குச் சுமார் 662 கிலோ. 40 டிகிரிக்கு 486 தான். ஆரிஃபிஸ் கணக்கில் அடர்த்தியின் வர்க்கமூலம் வரும். 662-ஐ 486 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்க, 1.17. உங்க 17 சதவீதம் அதுதான்.

மாறுநிலைப் புள்ளி, அதாவது திரவம் வாயுங்கிற பிரிவே மறையுற இடம், 31 டிகிரி, 73.8 பார். நம்ம வெயிலுக்குக் கூலர் அதுக்குக் கீழே இறக்காது, அதனால் அடர்த்தி வழுக்கிக்கிட்டே இருக்கும். வெப்பநிலையை வச்சுத் திருத்தினாலும் அரை டிகிரி பிழை நிறையில் ஒன்றரை சதவீதம் தின்னுடும். ஐரோப்பிய உமிழ்வு அளவீட்டு விதிகளின் உயர்ந்த படிநிலைக்கே மொத்தப் பிழை வரம்பு 2.5 சதவீதம்தான்.

மீட்டரை முந்தைய கட்டத்துக்கு, 40 பார் பக்கம் கொண்டு போங்க. அங்கே அது முழுக்க வாயு நிலையில் இருக்கும், ஒரு டிகிரிக்கு அடர்த்தி ஒரு சதவீதம்கூட மாறாது. இல்லேன்னா கொரியாலிஸ் மீட்டர் (அதிரும் குழாய் மீட்டர்) போடுங்க, நிறையை நேராவே அளக்கும். ஜீரோ வைக்கும்போது (ஓட்டமில்லாத நிலையைப் பதியும்போது) இரண்டு பக்க வால்வையும் மூடி, வேலை அழுத்தத்திலேயே வாயு நிரம்பியிருக்கணும். காலிக் குழாயில் வச்ச ஜீரோ செல்லாது.

தாமிரபரணிக்கரை:
கொரியாலிஸ் சொல்றது மொத்த நிறை. அதில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கும், வாயுக்களைப் பிரிச்சு அளக்கிற குரோமட்டோகிராஃப் காட்டும் நிறை விகிதத்தால் பெருக்கணும். ஆரிஃபிஸிலேயே இருக்கிறதா இருந்தா அடர்த்தி கணக்கிட ஸ்பான்-வாக்னர் சமன்பாடு போதாது, அது கலப்பில்லாத கரியமில வாயுவுக்கு. கலவைக்கு ஜெர்க்-2008 சமன்பாடு. மாறுநிலைக்குப் பக்கத்தில் 2 சதவீத நைட்ரஜனே அடர்த்தியை நல்லா இறக்கிடும்.

மாதிரி எடுக்கும்போது 90 பாரை ஒரே அடியாக இறக்கினால் உலர்பனி உறைந்து குழாய் அடைக்கும். சூடேத்தின ரெகுலேட்டரில் இரண்டு படியா இறக்குங்க.

கங்கைகொண்டான் கருவி:
ரொம்ப நன்றி. உள்ளே வர்ற புகையில் இருக்கிற கரியமில வாயுவின் கணக்கு சரியான்னு எப்படிப் பார்க்க? என்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளி அனலைசர்) 13.2 சதவீதம் காட்டுது.

பாளை மீட்டர்:
மாதிரியைக் குளிர்வித்துத்தானே அளக்கிறீங்க? அப்போ அது உலர் புகையின் எண். புகையின் ஓட்டத்தைப் பார்க்கிற பிட்டோ குழாய் அளக்கிறது ஈரப் புகை. ஈரம் 10 சதவீதம்னா அந்த ஓட்டத்தை 13.2 இல்லை, 11.9 சதவீதத்தால் பெருக்கணும். பலர் கணக்கு இடிக்கிறது இங்கேதான்.

அடுத்து ஆக்சிஜனைப் பாருங்க. நிலக்கரிப் புகையில் உலர் கரியமில வாயு ஏறத்தாழ 18.9-ஐ (20.9 − ஆக்சிஜன்) ÷ 20.9 ஆல் பெருக்கினதுக்குச் சமம். 13.2-க்கு ஆக்சிஜன் 6.3 பக்கம் வரணும். ஆனா மாதிரிக் குழாயில் காற்று புகுந்தாலும் இந்தக் கணக்கு ஒத்தே வரும், ஏமாந்துடாதீங்க. அதுக்கு ஸ்பான் வாயுவை (அளவு தெரிஞ்ச சோதனை வாயுவை) அனலைசர் முதுகில் கொடுத்து ஒரு தரம், புகைபோக்கியில் மாதிரி எடுக்கிற முனையில் கொடுத்து ஒரு தரம் பாருங்க. முனையில் குறைஞ்சா ஒழுகுது. முதல் சந்தேகம் பம்புக்கு முந்தின இணைப்புகள் மேல.