ஒரே ராத்திரியில் மாறினாரா, இல்லையா?

வேலன்:
கருக்கலைப்பு விஷயத்தில் டிரம்ப் சொன்ன சொல் மாறியதே இல்லை என்று மருதன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2024 ஆகஸ்ட் 29 அன்று டிரம்ப், கர்ப்பத்தின் 6 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடைசெய்யும் புளோரிடாவின் 6 வாரச் சட்டம் தரும் காலம் ரொம்பக் குறைவு, 6 வாரத்துக்கு மேல் வேண்டும் என்றுதான் வாக்களிப்பேன் என்றார். மறுநாளே, அந்தச் சட்டத்தை நீக்கியிருக்கக்கூடிய, மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த மாநில அரசியலமைப்பின் 4ஆம் திருத்தத்துக்கு எதிராக வாக்களிப்பதாக அறிவித்தார். இதற்கு என்ன பெயர் மருதன்?

மருதன்:
திருத்தத்துக்கு ஆதரவு என்று 29ஆம் தேதி சொன்னாரா? அந்த வார்த்தையைக் காட்டுங்கள். 30ஆம் தேதியும் 6 வாரம் குறைவு என்றுதான் சொன்னார். சட்டம் வேறு, திருத்தம் வேறு. கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

வேலன்:
படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வாக்குச்சீட்டில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். "6 வாரத்துக்கு மேல்" என்று மூன்றாவது கட்டம் எங்கே இருந்தது? "இல்லை" வென்றால் 6 வாரம் அப்படியே நிற்கும். நின்றது.

பூங்குழலி:
கட்டத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். அந்த 6 வாரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் தெரியுமா? கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து. நாள் தள்ளிப்போகும்போதே 4 வாரம் ஓடிவிடும். எனக்கு 9 நாள் தள்ளிய பிறகுதான் சந்தேகமே வந்தது. புளோரிடாவில் மருத்துவரை நேரில் பார்த்து, 24 மணி நேரம் காத்திருந்து, மறுபடி போக வேண்டும். மிச்சம் எத்தனை நாள், எண்ணிப் பாருங்கள்.

வேலன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். மூன்றாவது கட்டம் எங்கே?

பூங்குழலி:
நீங்கள் இதைச் சொல்லவில்லை வேலன்.

மருதன்:
பைடனை ஏன் விட்டுவிட்டீர்கள்? கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணம் போகக்கூடாது என்னும் ஹைட் திருத்தத்தை அவர் ஆதரிப்பதாக 2019 ஜூன் 5 அன்று அவருடைய பிரசாரக் குழு சொன்னது. 6ஆம் தேதி ஆதரவை விலக்கிக்கொண்டார். அதுவும் ஒரே ராத்திரிதான். அன்றைக்கு "மக்கள் குரலைக் கேட்டார்" என்று எழுதியது யார்?

வேலன்:
நான் எழுதியது "தாமதமாகவாவது கேட்டார்". பாதியை வெட்டி ஒட்டுவது உங்களுக்குப் பழக்கம். போன வருடமும் இதையேதான் செய்தீர்கள். மறக்கவில்லை.

கதிரவன்:
குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி 1994இலும் 2002இலும் மாசசூசெட்ஸில் ஓட்டுக் கேட்டபோது பெண்ணின் உரிமையைக் காப்பேன் என்றார். அதிபர் பதவிக்கு நின்றபோது எதிர்ப்பாளர். கலிபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், பின்னாளில் கருக்கலைப்பை எதிர்த்த ரீகன். இதில் யாரைத்தான் விட்டுவைப்பது?

வேலன்:
ராம்னிக்குச் சில வருடமாவது பிடித்தது. டிரம்ப்புக்கு ஒரு ராத்திரி. 1999இல் "பெண்ணின் தேர்வுரிமையை முழுமையாக ஆதரிக்கிறேன்" என்று சொன்னவரும் இதே ஆள்தான். கேள்வியை மாற்றாதீர்கள் கதிரவன். மூன்றாவது கட்டம்.

மருதன்:
திருத்தத்துக்குச் சுமார் 57 சதவீதம் கிடைத்தது. 60 தேவை என்பது புளோரிடாவின் விதி. அதற்கும் டிரம்ப்தான் காரணமா?

வேலன்:
60 என்று நான் எங்கே சொன்னேன்? காட்டுங்கள் பார்ப்போம்.

மருதன்:
முதலில் 29ஆம் தேதி வார்த்தையை நீங்கள் காட்டுங்கள்.

பூங்குழலி:
நாட்களை இன்னும் யாரும் எண்ணவில்லை.

வேலன்:
எண்ணலாம் அம்மா. முதலில் போன வருடம் வெட்டி ஒட்டியதற்கு மருதன் பதில் சொல்லட்டும்.