அட்டைப்பெட்டி ஸ்டூடியோவில் பழைய காசுகள்

பொருளை உள்ளே வைத்துச் சீரான வெளிச்சத்தில் படம் எடுக்க உதவும் வெளிச்சப் பெட்டியைச் செய்து முடித்ததும் காசு சேர்ப்பவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: படம் பளிச்சென்று இருக்கிறது, காசில் இருக்கும் எழுத்தைத்தான் காணோம். எனக்கும் அப்படித்தான் ஆனது. ராஜராஜன் காசு மாதிரி தேய்ந்த செப்புக் காசு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

பெட்டி சாதாரணமானதுதான். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பிஸ்கட் அட்டைப்பெட்டி. இடமும் வலமும் விளிம்பில் இரண்டு விரற்கடை விட்டு ஜன்னல் மாதிரி வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டினேன். மேல் பக்கத்தில் போன் லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே வெள்ளை சார்ட் பேப்பர். விளக்குக்கு 9 வாட் எல்.ஈ.டி. பல்பு இரண்டு, இரண்டும் 6500 கெல்வின், அதாவது வெள்ளை வெளிச்சம். ஒன்று வெள்ளையும் ஒன்று மஞ்சளுமாகக் கலந்துவிட்டால் செம்பின் நிறம் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், அப்புறம் எந்தச் செயலியாலும் அதைச் சரிக்கட்டுவது கஷ்டம். அறையில் எரியும் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுப் பூஜைப் பெட்டியில் ஒரு செப்புக் காசு கிடந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் ஆள் நிற்பது போல ஏதோ மங்கலாகத் தெரிகிறது, மறு பக்கம் வெறும் மேடுபள்ளம். பெரியம்மா தேய்த்துத் தருகிறேன் என்று புளி எடுத்து வந்துவிட்டார். வேண்டாம் பெரியம்மா என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். காசின் மேல் பச்சையும் கருப்புமாக ஏறியிருக்கும் அந்தப் படலம்தான் அதற்குப் பாதுகாப்பு. புளியும் எலுமிச்சையும் அதை அரித்துவிடும், மிச்சமிருக்கும் எழுத்தும் அதோடு போய்விடும். காசை ஊருக்கு எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு விளக்கையும் போட்டு எடுத்த படத்தில் அழகான செம்பு வட்டம் இருந்தது, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். தேய்ந்த காசில் எழுத்தின் உயரம் மயிரிழை. நாலு பக்கமும் ஒரே சீராக வெளிச்சம் விழுந்தால் மேட்டுக்கும் நிழல் இல்லை, பள்ளத்துக்கும் நிழல் இல்லை. பிறகு கண் எதைப் பிடித்துப் படிக்கும்? கொலு பொம்மைக்கும் பீங்கான் சாமானுக்கும் அந்தச் சீரான வெளிச்சம் அருமையாக இருக்கும். செப்புக் காசுக்கு நிழல் வேண்டும்.

வலது விளக்கை அணைத்தேன். வலது ஜன்னலை உள்பக்கமாகக் கருப்பு சார்ட் வைத்து மூடினேன். வெள்ளையாக விட்டால் அது வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிழலை நிரப்பிவிடும். இடது விளக்கைக் காசின் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இறக்கி, பத்து மணி முள் இருக்கும் திசையில் வைத்தேன். காசு ஒரு சோடா மூடியின் மேல். தரையிலிருந்து தூக்கி வைத்தால் பின்னணி கலங்கிப்போய்க் காசு தனித்து நிற்கும். அப்புறம் விளக்கை அசைக்காமல் காசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடுகள் மறைந்துவிடும், குறுக்கே ஓடுபவை எழுந்து நிற்கும். அப்படித் திருப்பியதில் ஒரு கட்டத்தில், நின்றுகொண்டிருக்கும் மன்னரின் ஆடை மடிப்பு தெரிந்தது, கையில் பிடித்த பூ தெரிந்தது. மறு பக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கையருகே ஒன்றன்கீழ் ஒன்றாக நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. படத்தை அனுப்பியதும் பெரியப்பா போன் செய்தார். “தாத்தா காலத்துலேருந்து பெட்டியில கெடக்குடா, ஏதோ வெள்ளைக்காரன் காசுன்னுல்ல நெனச்சோம்” என்றார்.

போன் கேமராவில் அளவுகளை நாமே வைக்கும் புரோ மோடு. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, ஷட்டர் (வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்.ஈ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாது. கிட்டே போய் எடுக்காமல் 2எக்ஸ் லென்ஸில் எடுங்கள், டைமர் 2 நொடி. காசுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வையுங்கள். அளவும் எடையும் இல்லாமல் இது என்ன காசு என்று கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் யாழ்ப்பாணம். என்னிடம் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துக் காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் காளை, அதன் கீழே தமிழில் ‘சேது’. நீங்கள் சொன்னபடி காசைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் காளையின் முதுகு மட்டும்தான் வந்தது. கால் சுற்றுத் திருப்பியதும் எழுத்தின் கொம்பு அப்படியே எழும்பியது. தமிழ் எழுத்துள்ள ஒரு காசைத் தெளிவாகப் படமாகப் பார்ப்பதில் இருக்கும் சந்தோசம் தனி. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். மின்வெட்டு நேரத்தில் பெட்டியைக் கிழக்கு யன்னலருகே வைத்து, மற்றப் பக்கத்தை மூடிவிட்டு எடுத்துப் பாருங்கள். காலை வெயில் தாழ்வாக வருவதால் பல்பைவிட நன்றாக விழுகிறது.

* * *

நானும் இந்தப் பதிவைப் படித்தேன். செம்புக்கு இந்தப் பக்கவாட்டு வெளிச்சம் சரி. தேயாத வெள்ளி ரூபாய்க்கு நான் வேறு வழி பிடித்தேன். என்னிடம் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1911 ரூபாய், பன்றி ரூபாய் என்பார்களே அதுதான். மன்னரின் அங்கியில் இருக்கும் யானைக்குத் துதிக்கை குட்டையாகப் போய்விட, பன்றி என்று மக்கள் கொதித்தார்கள். 1912இல் திருத்திய யானையோடு புதுக் காசு வந்தது. அந்த யானை மிளகளவு இருந்தால் அதிகம். பக்கவாட்டு வெளிச்சத்தில் வெள்ளி ஒரு பக்கம் கண்ணைக் கூசுகிறது, மறு பக்கம் இருண்டுவிடுகிறது. போட்டோ பிரேம் கண்ணாடி ஒன்றைக் காசுக்கு மேல் 45 டிகிரி சாய்த்து வைத்தேன். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர்கீழே காசில் விழும், போன் மேலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கும். விளக்குக்கும் காசுக்கும் நடுவே சின்ன அட்டை ஒன்றை நிறுத்தி நேர் வெளிச்சத்தை மறைத்துவிட வேண்டும். சமதளம் பளிச்சென்றும் யானையின் ஓரங்கள் கருப்பாகவும் வந்துவிட்டன. துதிக்கையை இப்போது பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்த ரூபாயை வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் விளிம்பின் படத்தையும் கேளுங்கள். உலோகத்தை உருக்கி வார்த்த போலியாக இருந்தால் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும், பரப்பில் ஊசி முனையளவு குழிகள் இருக்கும்.