தூங்கப் போற நேர அட்டவணை: யோசனை சொல்லுங்க

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். பையனுக்கு நாலு வயசு. இங்கதான் ஏழே கால் தாண்டியும் வெளிச்சம் போகாதே, எட்டரைக்குப் படுடான்னா "இப்பதானே சாயங்காலம்"னு வாதம் பண்றான். இந்த வயசுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10லிருந்து 13 மணி நேரம் தூங்கணும்னு உலகச் சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. பாலர் பள்ளி வேன் வேற விடியக்காலையிலயே வந்து ஹார்ன் அடிக்கும்.

மணிலா கார்டுல, அதான் அந்தக் கெட்டி அட்டையில, அவனையே படம் போட வச்சேன்: குளியல், பல் துலக்குறது, பாத்ரூம், கதை, விளக்கு. பிரஷ் அவனைவிட உயரமா நிக்குது! ஒண்ணொண்ணா முடிய முடிய, துணி கிளிப்பை அவனே கீழ நகர்த்தணும். பாத்ரூம் வரைக்கும் சமர்த்து. கதை முடிஞ்சதும் கிளிப்பை நைசா மறுபடி கதைக்கே ஏத்திடுறான்.

ஒரே கதையோட எப்படி நிறுத்துறீங்க? ஸ்டார் ஒட்டிப் பரிசு கொடுக்கிறதுல எனக்கு இஷ்டமில்ல, அப்புறம் பல் துலக்கவும் கூலி கேப்பான். இன்னொண்ணு, அந்த நேரத்துலதான் கூடத்துல டிவி நாடகம் அலறும். மாமனார்கிட்ட சத்தத்தைக் குறைங்கன்னு சொல்ல வாய் வரல. வீட்டுக்காரருக்கோ மில்லுல நைட் ஷிப்ட். இதை எப்படிச் சமாளிக்கிறது? உங்க வீட்டு அட்டவணைப் படம் இருந்தா போடுங்க.