கீப்பரை மாற்றிய நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கோட்டையூர் செகரட்டரி:
நீட்டவில்லை, விஷயம் இதுதான்: எங்கள் கால்பந்து டீமில் கோல் கீப்பரை மாற்றினோம். 17 வருடமாக எங்கள் கோலில் ஒரே அண்ணன்தான். இப்போது வயது 39. கார்னர், அதாவது மூலையிலிருந்து எதிராளி அடிக்கிற பந்து, வந்தால் முன்பு போல வெளியே பாய்ந்து பந்தைப் பறிப்பதில்லை, கோட்டிலேயே நின்றுவிடுகிறார். ஆளை மாற்றலாமா என்று கமிட்டியில் கேட்டபோது நானும் கை தூக்கினேன். அண்ணனிடம் யார் போய்ச் சொல்வது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

ஞாயிறு காலை கண்மாய்ப் பொட்டலுக்குப் போனால், அண்ணன் கோலுக்கு முன்னால் குத்துக்காலிட்டுச் சரளைக்கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். நம் செம்மண் தரையில் விழுந்து எழுகிறவருக்கு அதன் அருமை தெரியும். பக்கத்தில் எப்போதும் போல ஒரு சிமெண்ட் சாக்கு. "அண்ணே, இன்னைக்குத் தம்பி நிக்கட்டும்" என்று புதுக் கீப்பர் பையனைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்து "சரிப்பா" என்றார். பாதி இடம் இன்னும் பாக்கி இருந்தது. அதையும் பொறுக்கி முடித்து, சாக்கைக் கருவேல மரத்தடியில் கொட்டிவிட்டுத்தான் போனார். மேட்ச் 2-0, ஜெயித்தோம். எனக்கு அந்தக் கல் கொட்டின சத்தம்தான் காதில் நிற்கிறது.

தேவகோட்டை ஸ்டாப்பர்:
39 ஒரு வயதா செகரட்டரி? 1982-இல் இத்தாலி உலகக்கோப்பையைத் தூக்கியபோது கேப்டன் டினோ சோஃபுக்கு வயது 40, அவரும் கீப்பர்தான். எங்கள் டீமிலும் வயதைச் சொல்லித்தான் ஒருவரை நிறுத்தினார்கள். கீப்பருக்கு முன்னால் நடு டிஃபென்ஸில் ஸ்டாப்பராக நின்ற எனக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. முதல் கார்னரில் பின்னாலிருந்து "விடு, எனக்கு!" என்ற குரல் வரும் என்று விலகினேன். வரவில்லை. புதுப் பையன் வாயே திறக்கவில்லை. எதிராளி தலையால் முட்டினான், பந்து என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. 12 வருடம் அந்தக் குரலுக்குப் பழகிய உடம்பு, அதை ஒரு நாளில் மாற்ற முடியுமா?

பள்ளத்தூர் நம்பர் 1:
தேவகோட்டை அண்ணே, கோபப்படாதீர்கள், அந்தப் புதுப் பையன் இடத்தில் நின்றவன் நான். வேறு ஊர், வேறு டீம். கத்த வாய் வராது அண்ணே. உங்களை மாதிரிப் பெரியவர்களைப் பார்த்து "விடு" என்று சொல்ல எனக்கு அரை சீசன் ஆனது.

என் முதல் மேட்சில் பழைய கீப்பர் மாமா வலைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். 70 நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் பெனால்டி. திரும்பி அவரைப் பார்த்தேன், எந்தப் பக்கம் என்று சொல்வார் என நினைத்து. தலையைக் குனிந்துகொண்டார். கோல் விழுந்தது. அப்புறம் கேட்டேன், ஏன் மாமா சொல்லவில்லை என்று. "சொன்னா நீ இனிமே என்னையத்தாண்டா பாப்ப, பந்தப் பாக்க மாட்ட" என்றார். கோபமா, பாசமா, இன்றுவரை பிடிபடவில்லை.

கானாடுகாத்தான் பி.டி. வாத்தியார்:
என் கதை இரண்டு வரி. ஒரு கீப்பரை ஆள் விட்டுச் சொல்லி நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெரு வழியாக வருவதே இல்லை.

செகரட்டரி, நீங்கள் மாற்றியதில் தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு. மைதானத்தில் மற்ற பையன்கள் முன்னால் சொல்லவே கூடாது, முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பெரிய கிளப்புகளுக்கே இது கைவரவில்லை. 9 வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்கு வந்த கீப்பர் கசியாஸ் 2015-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்புக்குப் போகும்போது, மேடையில் தன்னந்தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே விடைபெற்றார். டே ஹேயா 12 வருடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டில் கீப்பராக நின்றவர். 2022-23-இல் 17 மேட்சில் கோல் விடாமல் அதிக மேட்சில் கோல் விடாத கீப்பருக்கு லீக் தருகிற தங்கக் கையுறை விருதை வாங்கினார், அதே கோடையில் கிளப்பை விட்டுப் போக வேண்டியதாயிற்று. காலால் பந்தை நன்றாக விளையாடுகிற ஆள் வேண்டுமென்று ஓனானா என்ற கீப்பரைக் கொண்டுவந்தார்கள், அவரும் இரண்டு சீசனுக்குப் பிறகு துருக்கிக்குக் கடனாகப் போனார்.

அடுத்து, காரணத்தைச் சரியாகப் பாருங்கள். வாங்கிய கோல்களில் எது கீப்பர் மேல், எது டிஃபென்ஸ் மேல் என்று நோட்டில் எழுதுங்கள். 1992-இல் பேக்பாஸை, அதாவது சொந்த டீம் ஆள் வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்தை, கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்ததிலிருந்தே கால் பழக்கம் வேண்டும். இப்போது கீப்பர் பந்தை 8 நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிராளிக்கு கார்னர். இதெல்லாம் பழக்கினால் 39 வயதிலும் வரும். குதிப்பதும் வெளியே பாய்வதும் குறைந்துவிட்டால்தான் பழக்கி மீட்பது கஷ்டம். அப்போதும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். சின்ன மேட்சில் தம்பி, டோர்னமெண்டில் அண்ணன் என்று ஒரு சீசன் ஓட்டுங்கள். தம்பிக்குப் பயிற்சி கொடுக்க அவரையே கேளுங்கள். வேறு யாருக்கு அந்தப் பொட்டலில் பந்து எங்கே எகிறும் என்று தெரியும்?

தேவகோட்டை ஸ்டாப்பர்:
வாத்தியார், எல்லாம் சரி. பாதி ஆள் பாதி மேட்ச் என்றால் முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் யார் குரலைக் கேட்பது? ஒரே ஆள் என்று முடிவெடுங்கள்.

கோட்டையூர் செகரட்டரி:
வாத்தியார் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாப்பா" என்றார், காபி வந்தது. வாய் வரை வந்தது, சொல்ல முடியவில்லை. பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய்த் தேடி, தூசி துடைத்து, ஊசியோடு கொண்டுவந்து கொடுத்தார். கிளப்பில் பம்பு இருக்கிறது, அதை வாங்கி வைத்ததே அவர்தான். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.