பர்கண்டி மேரி பிரெஞ்சு இளவரசனை மணந்திருந்தால்?

கேள்வி: 1477 ஜனவரியில் நான்சிப் போரில் தந்தை மாண்டதும் பர்கண்டியின் (பிரான்சின் கிழக்கிலும் வடக்கிலும் நிலங்கள் கொண்டிருந்த கோமகன் அரசு) வாரிசுரிமை 19 வயது மேரிக்கு வந்தது. பிரான்சின் பதினோராம் லூயி தன் மகன் சார்லசுக்குப் பெண் கேட்டான். பையனுக்கு வயது 6! மேரியோ ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியனை மணந்தாள். லூயியின் பேச்சுக்கு இணங்கியிருந்தால்?

பதில் 1: பர்கண்டியின் கீழிருந்த கென்ட், ப்ரூஜ் (இன்றைய பெல்ஜியம்) நகரங்களின் துணி வணிகச் செல்வம் பிரான்சுக்குப் போயிருக்கும். 1500-இல் கென்ட்டில் மேரியின் பேரனாக, பின்னாளில் புனித ரோமப் பேரரசனான ஐந்தாம் சார்லஸ் பிறந்திருக்கவே மாட்டான். பிரான்சுக்கு வடக்கே ஹாப்ஸ்பர்க் நெருக்கடியும் இருந்திருக்காது.

பதில் 2: எனக்கு லூயி மேல்தான் ஆற்றாமை. ஒரு கையால் பெண் கேட்டு, மறு கையால் பர்கண்டியையும் அவள் தந்தை வசமிருந்த வடக்குப் பகுதியான பிக்கார்டியையும் பிடித்தால் எந்தப் பெண் சம்மதிப்பாள்?

கேட்டவர்: உண்மைதான். இன்னொன்று உறுத்துகிறது. 1482-இல் குதிரையிலிருந்து விழுந்து மேரி இறந்தபோது சார்லசுக்கு வயது 11. அதே விபத்து நேர்ந்திருந்தால் பிள்ளையே இருந்திருக்காது. அப்போது கென்ட் யாருக்கு?