'க்வைட் குட்' என்றால் பாராட்டா, இல்லையா?

தாம்பரம் தம்பி:
வணக்கம். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். மேனேஜர்கள் இரண்டு பேர், ஒருவர் லண்டன், ஒருவர் டல்லாஸ். இந்த அப்ரைசலில் இருவரும் என் வேலையைப் பற்றி எழுதியது ஒரே வார்த்தை: 'க்வைட் குட்'. டல்லாஸ்காரர் ஐந்துக்கு நாலு போட்டிருக்கிறார், லண்டன்காரர் மூன்று. அகராதியைப் பார்த்தால் 'மிகவும்' என்றும் இருக்கிறது, 'ஓரளவு' என்றும் இருக்கிறது. எதைத்தான் எடுத்துக்கொள்வது?

நாகர்கோவில் அக்கா, இப்போது லீட்ஸ்:
தம்பி, இரண்டு மார்க்கும் அவரவர் ஊர் வழக்குப்படி சரிதான். அமெரிக்கர் 'க்வைட் குட்' என்றால் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை' ரகம். பின்னாலேயே ஒரு 'பட்' வருகிறதா என்று பார்க்கணும். நேரில் என்றால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்: 'குட்'டை அழுத்தினால் மனசாரச் சொல்கிறார்கள், 'க்வைட்'டை அழுத்தினால் ஏதோ குறை இருக்கிறது. மெயிலில் அது தெரியாது, அதுதான் வம்பு.

நான் இங்கே வார்டில் நர்ஸ். உடம்பு முடியாமல் இருப்பதை இங்கே 'பூர்லி' என்பார்கள். டாக்டர் வந்து 'உங்கள் அம்மா க்வைட் பூர்லி' என்றால், கொஞ்சம் முடியவில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை வரச் சொல்லவேண்டிய நிலைமையாகக்கூட இருக்கும். நம்மவர்கள் யாராவது வந்தால் தனியாகக் கூப்பிட்டு, டாக்டர் சொன்னது புரிந்ததா என்று கேட்டு, தமிழில் உடைத்துச் சொல்லிவிடுவேன். எதையும் ஒரு படி குறைத்துச் சொல்வதுதான் இவர்களுக்கு நாகரிகம். எனக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை. சாகக் கிடக்கிறவர் விஷயத்தில் என்ன நாகரிகம்?

ரிட்டயர்டு வாத்தியார்:
அம்மா சொன்னது சரி. கூடவே, பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்றும் பாருங்கள். கூடவோ குறையவோ இருக்கக்கூடிய குணம் என்றால்தான் (குட், டயர்ட், கோல்ட்) இந்தக் குழப்பமெல்லாம். பாதியாக இருக்கவே முடியாத சொல் என்றால் லண்டனிலும் 'முழுக்க' என்றுதான் பொருள்: க்வைட் ரைட், க்வைட் இம்பாசிபிள், க்வைட் டெட். வினைச்சொல்லிலும் இதே கதை. 'ஐ க்வைட் லைக் இட்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பிடிக்கும், அவ்வளவுதான். 'ஐ க்வைட் அக்ரீ' என்றால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறார்.

பழைய பொருள் 'முழுக்க' என்பதுதான். 'ஓரளவு' என்பது 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. கடன் தீர்ந்து விடுபட்டதைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து வந்தது இது. அமைதி என்ற பொருளில் வரும் 'க்வயட்'டுக்கும் அதே லத்தீன் வேர். ஸ்பெல்லிங்கில் இந்த இரண்டையும் மாற்றி எழுதாத மாணவனை நான் பார்த்ததே இல்லை.

தாம்பரம் தம்பி:
நன்றி அக்கா, நன்றி சார். இன்னொரு டவுட். இன்று காலை லண்டனிலிருந்து ஒரு மெயில்: புது பில்டில் 'க்வைட் எ ஃபியூ பக்ஸ்' இருக்கிறதாம். ஓரளவு, அதிலும் கொஞ்சம் என்றால், ரொம்பக் கம்மிதானே? நாளைக்கு ரிலீஸ்.

நாகர்கோவில் அக்கா, இப்போது லீட்ஸ்:
ஐயோ, இல்லை தம்பி! 'எ ஃபியூ'தான் கொஞ்சம். முன்னால் 'க்வைட்' சேர்ந்தால் நிறைய என்று அர்த்தம். இதில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒன்றுதான். ரிலீஸைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடு.