நாலு லட்சம்: பாண்டி ரிசார்ட்டா, ஓய்வுக்கு மாற்றிவிடும் ரிலீவரா?

மஞ்சக்குப்பம் வாசி
கடலூர் குடிகாடு சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலை. 180 பேர்: நிரந்தரம் 70, ஒப்பந்தம் 110. மூணு ஷிப்ட். ஊழியர் நலனுக்குன்னு இந்த வருஷம் 4 லட்சம் ஒதுக்கியிருக்காங்க. நிர்வாகத்தோட யோசனை: பாண்டி ஈசிஆர் ரிசார்ட்ல ஒரு நாள் குடும்ப விழா, வாரம் ரெண்டு நாள் யோகா, அப்புறம் ஒரு மனநல ஆப். பாதுகாப்புப் பிரிவு சொல்றது வேற. சரக்கை உலர்த்தற டிரையர், பவுடர் பேக்கிங், பாய்லர்னு 12 இடத்துல சித்திரை, வைகாசியில ஆள் தாங்க முடியல, பணத்தை அங்க போடுங்கன்னு கேக்கறாங்க. நான் அறிக்கை எழுதணும். ரெண்டு பக்கமும் வாதத்தை வையுங்க.

மஞ்சள் ஹெல்மெட்
இதில் வாதமே இல்லை. வெப்பம் ஆளை அடிக்கும் இடத்தில் யோகா பாய் விரிப்பது வீண். கணக்கைப் பாருங்கள். சூடான வேலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை கால் லிட்டர் தண்ணீர், அதாவது மணிக்கு முக்கால் லிட்டர். காலை 10 முதல் மாலை 4 வரை 6 மணி நேரம் என்றால் ஆளுக்கு நாலரை லிட்டர். 12 பேருக்கு 54 லிட்டர், 20 லிட்டர் கேன் மூன்று. அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டிக் குடிக்கவும் விடக்கூடாது, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும்.

கேன் வாங்குவது சுலபம். எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பவுடர் பறக்கும் இடத்தில் வைத்தால் ரசாயனம் வாய்க்குப் போகும். கழிப்பறையிலிருந்தும் கழுவும் இடத்திலிருந்தும் 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. இதற்குப் பயந்து 150 மீட்டர் தள்ளி வைத்தால் ஒருவரும் போக மாட்டார்கள். பிராசஸ் பகுதிக் கதவுக்கு வெளியே, கை கழுவும் குழாயிலிருந்து 6 மீட்டர் தள்ளி, நிழலில். சரியான இடம் அதுதான்.

வில்லியனூர் எச்ஆர்
ஹெல்மெட் சார், நீங்க சொல்ற தண்ணி, ஓய்விடம் எதையும் நான் மறுக்கல. ஆனா அது நலநிதியில வரக்கூடாது, அது உற்பத்திச் செலவு. பாய்லருக்குத் தண்ணி ஊத்தற காசை யாராவது நலநிதியில எழுதுறாங்களா? ஆளுக்கு ஊத்தற தண்ணியை மட்டும் ஏன் அங்க எழுதணும்? விழாக் காசை எடுத்து ஃபேன் போட்டா, நிர்வாகம் சட்டப்படி செய்ய வேண்டியதை ஆளோட கொண்டாட்டக் காசுல செஞ்ச மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு. ஊழியர்கிட்ட கேட்டா டூர்தான் கேப்பாங்க, ஓய்வறை கேக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம இல்ல. ஓய்வறை கொடுக்க வேண்டியது நிர்வாகத்தோட கடமை, அதைப் போய் சலுகையா ஏன் கேக்கணும்னுதான்.

தோழர் தட்டாஞ்சாவடி
எச்ஆர் வாயிலிருந்து இதைக் கேட்பதே அதிசயம். பிடித்துக்கொள்ளுங்கள் வாசி, அறிக்கையில் முதல் வரியே இதுதான். பழைய சட்டத்தில் 150 பேரைத் தாண்டினால் ஓய்விடம், 250 பேரைத் தாண்டினால் கேன்டீன். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கேன்டீன் வரம்பு 100 பேர், ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் அடக்கம். உங்கள் ஆலை 180. கேன்டீனை நலத்திட்டம் என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டாதீர்கள்.

விழாவுக்கு வருவோம். அழைப்பிதழ் 70 பேருக்கா, 180 பேருக்கா? தீபாவளிக்கு நிரந்தரத்துக்கு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸ், ஒப்பந்தத்துக்குக் கால் கிலோ என்று கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, ஒரே மெஷினில் நிற்கிற இரண்டு பேர் கையில் இரண்டு அளவுப் பெட்டி. இதை விட ஒன்றுமே கொடுக்காமல் இருக்கலாம்.

மஞ்சக்குப்பம் வாசி
இப்போதைக்கு 70 குடும்பம்தான் திட்டம், தோழர். 180-ஐயும் சேர்த்தா ஆளுக்கு 1,500 வீதம் ஊழியருக்கே 2.7 லட்சம். குடும்பத்தையும் கூட்டிட்டு வந்தா மொத்தப் பணமும் பத்தாது.

சி ஷிப்ட்
ஒரே நாள் விழான்னா எந்த ஷிப்ட் தூங்காம வரும்? ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வேலை பார்த்துட்டு 9 மணி பஸ்ல ஏறி ரிசார்ட், சாயங்காலம் திரும்பி மறுபடி ராத்திரி 10-க்கு கேட். இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல முழிப்பு, அடுத்து ரியாக்டர் பக்கம் நிக்கணும். விழாவை ரெண்டு நாளாப் பிரிச்சு, சி ஷிப்ட் ஆளுங்களுக்கு அவங்க வார விடுமுறைக்கு மறுநாள் வைக்கணும். ஷிப்ட் மாத்தறதும் ஏ, பி, சின்னு முன்னோக்கிப் போகட்டும். சி-லேர்ந்து பி, பி-லேர்ந்து ஏன்னு பின்னாடி சுத்துனா உடம்பு பழகாது. இதுக்குப் பைசா செலவு கிடையாது, ரோஸ்டர் போடறவர் மனசு வைக்கணும், அவ்வளவுதான்.

வில்லியனூர் எச்ஆர்
சரி, ரெண்டு நாள். ஒத்துக்கறேன். ரிசார்ட் வேணாம்னா ஆலைக்குள்ளயே ஆயுத பூஜையைப் பெருசாப் பண்ணலாம். அது ஆளுங்களே தங்களோடதுன்னு நினைக்கிற நாள். அவங்க மெஷினை அவங்களே கழுவிப் பொட்டு வெச்சு, பிள்ளைங்களைக் கூட்டிவந்து காட்டுவாங்க. குடும்பத்தோட பார்வையாளர் பாதை மட்டும் தனியாக் கயிறு கட்டணும், பிராசஸ் பக்கம் குழந்தை போகக் கூடாது.

மஞ்சள் ஹெல்மெட்
கயிறு போதாது. அன்றைக்கு உற்பத்தி நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டைக் குழந்தைக்குக் காட்டக் கூடாது.

கெடிலம் கேட்டரிங்
சாப்பாடு பத்தி யாரும் பேசல, அதனால சொல்றேன். டூர்ல விஷமாகிறது பெரும்பாலும் கட்டுச்சோறுதான். விடியக்காலை 4 மணிக்கு வடிச்ச சோத்தைச் சுடச்சுட அலுமினியப் பொட்டலத்துல கட்டி, அட்டைப்பெட்டியில அடுக்கி, பஸ் டிக்கியில வெச்சு, மதியம் ஒண்ணரைக்குப் பிரிச்சா? நடுவுல இருக்கிற பொட்டலத்துக்குச் சூடு வெளியே போக வழியில்ல, ஒன்பது மணி நேரம் இளஞ்சூட்டுலயே கிடக்கும். சோத்துல வர்ற கிருமிக்கு அதைவிடத் தோதான சூடு கிடையாது. மறுபடி சூடு பண்ணாலும் அது கக்கின நஞ்சு போகாது.

செய்ய வேண்டியது: ஒண்ணு, 60 டிகிரிக்கு மேல ஹாட் கேஸ்ல கொண்டுபோய் அங்கயே பரிமாறணும். இல்லன்னா சோத்தை அகலத் தாம்பாளத்துல பரப்பி ஆறவிட்டு, புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கிளறிக் கட்டணும். தயிர் சாதம்னா பாலை ஊத்திப் பிசைஞ்சு உறைக்கு மட்டும் தயிர் விடுங்க, மதியத்துக்குப் புளிக்காது. தேங்காய்ச் சட்னி வேணவே வேணாம், முதல்ல கெட்டுப்போறது அதுதான்.

வெயில் காலத்துக்கு நீர்மோர்: ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணி, மொத்தம் 5 லிட்டர், கால் லிட்டர் டம்ளர்ல 20 வரும். காலையில மொத்தமாக் கரைச்சு வெச்சா பகல் ஷிப்ட் முடியறதுக்குள்ள பல் கூசும். ரெண்டு தடவையாக் கரைங்க, பிளாஸ்டிக் டிரம் வேணாம், எவர்சில்வர்.

தோழர் தட்டாஞ்சாவடி
நீர்மோர்ப் பந்தல் போட்டுப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவதில் ஆலைகளை மிஞ்ச ஆளில்லை. அது உள்ளே டிரையருக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

வில்லியனூர் எச்ஆர்
யோகா, மனநல ஆப் ரெண்டையும் ஒரேயடியாத் தள்ளிடாதீங்க. ஷிப்ட் நேரத்துக்குள்ள, சம்பளத்தோட, விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும்னா யோகாவால நஷ்டம் இல்ல.

மஞ்சள் ஹெல்மெட்
நஷ்டம் இல்லை, லாபமும் தெரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46,336 பேர். மன அழுத்தப் பயிற்சி, ஆப், தியானம் போன்றவற்றில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் நலனில் வித்தியாசம் தெரியவில்லை. விதிவிலக்காக நின்றது தன்னார்வப் பணி ஒன்றுதான்.

வில்லியனூர் எச்ஆர்
அந்த ஆய்வு ஒரு சமயத்துல எடுத்த கருத்துக்கணிப்பு, சார். ஏற்கெனவே நொந்துபோனவங்கதான் அந்த வகுப்புல அதிகம் சேர்ந்திருக்கலாம். அதை வெச்சுப் பயிற்சியே பலனில்லைன்னு முடிவு கட்ட முடியாது. ஆனாலும் ஆப்புக்கு நான் பணம் கேக்கல. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரம், தமிழ்லயே பேசலாம். அந்த எண்ணை நோட்டீஸ் போர்டுல ஒட்டாதீங்க. அதைப் பார்த்துக் குறிச்சுக்கிட்டா யாராவது பார்ப்பாங்கன்னு ஆளு தயங்குவான். சம்பளச் சீட்டுக்குப் பின்னால அச்சடிங்க, கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க.

விழாவைப் பத்தி இன்னும் ரெண்டு விஷயம். கம்பெனி அனுப்பற பஸ்ஸும் டூர் போற இடமும் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பணியிடம்தான். அந்தச் சட்டப்படி புகார் விசாரிக்கிற உள்ளகக் குழுவுல இருக்கிற பெண் உறுப்பினர் ஒருத்தராவது பஸ்ல வரணும். அடுத்தது பாண்டி, வேறென்ன. மது இல்லாத விழான்னு முதல்லயே அறிவிச்சிடுங்க. திரும்பும்போது ஆல்பேட்டைச் செக்போஸ்ட்ல ஒரு பாட்டில் சிக்கினா மொத்த பஸ்ஸும் நிக்கும், குழந்தைகளோட.

சி ஷிப்ட்
கடல்லயும் இறக்காதீங்க. அலை திரும்பற இழுப்புல நீச்சல் தெரிஞ்சவனும் மாட்டுவான். பிச்சாவரம் போனா லைஃப் ஜாக்கெட் கழட்டாம செல்ஃபி எடுக்கட்டும்.

மஞ்சக்குப்பம் வாசி
நிர்வாகத்துல ஏர் கூலர் நாலு வாங்கிப் போட்டு முடிச்சிடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. அது?

மஞ்சள் ஹெல்மெட்
வேண்டவே வேண்டாம். தண்ணீர் நனைத்த பேட் வழியாகக் காற்றை இழுக்கும் கூலர், காய்ந்த ஊருக்கு. கடலூரில் கத்திரி வெயிலிலும் பிற்பகலில் கடற்காற்று நுழைந்தால் தெர்மாமீட்டர் இறங்கும், ஆனால் வியர்வை காயாது. ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைக் கலப்பீர்கள். வெப்ப அழுத்தக் குறியீடான டபிள்யூபிஜிடியில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) மட்டும் 70 சதவீத எடை, காரணம் இதுதான். சாதாரணத் தெர்மாமீட்டர் 34 காட்டுகிறது, பரவாயில்லை என்பவரை நம்பாதீர்கள். ஆவி புகாத ரசாயன சூட் போட்டிருந்தால் அந்தக் குறியீட்டில் இன்னும் 11 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடியது: தகரக் கூரைக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு, இரண்டு கோட். பங்குனிக்குள் முடிக்க வேண்டும். உப்புக்காற்றில் துரு ஏறிய தகரம். துருவைச் சுரண்டி பிரைமர் அடிக்காமல் பூசினால் அடுத்த மழைக்கு உரிந்து தொங்கும். டிரையர் உடம்புக்கு இன்சுலேஷன். சூட்டை மேலே இழுத்து வெளியேற்ற எக்ஸாஸ்ட்.

புதிதாகச் சேர்பவர் இன்னொரு ஆபத்து. ஒப்பந்ததாரர் சித்திரையில் புது ஆட்களை இறக்கி முதல் நாளே முழு ஷிப்ட் நிறுத்துவார். முதல் நாள் சூடான இடத்தில் 20 சதவீத நேரம்தான், 8 மணி ஷிப்டில் சுமார் ஒன்றரை மணி நேரம். தினமும் 20 கூட்டி ஐந்தாம் நாள் முழுமை. சுருண்டு விழுபவர்களில் நிறையப் பேர் முதல் வாரத்துக்காரர்கள்.

இதற்கெல்லாம் மேலே, ரிலீவர், அதாவது ஒருவர் ஓய்வெடுக்கும்போது அவர் இடத்தில் நிற்கும் மாற்று ஆள். ஓய்வு ரோஸ்டரில் இருக்கும், ஆனால் இடத்தை விட்டு நகர ஆள் இருக்காது, அதனால் ஓய்வு இருக்காது. மணிக்கு 10 நிமிடம் ஓய்வு, கைமாற்ற 2 நிமிடம், ஆக 12. ஒரு ரிலீவர் மணிக்கு 5 பேரை விடுவிக்கலாம். 12 இடத்துக்கு 3 பேர்.

வில்லியனூர் எச்ஆர்
வெயில் 13 வாரம், வாரம் 6 நாள், 78 நாள். பிடித்தம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 800-ன்னு வெச்சா மூணு பேருக்கு 1,87,200. கிட்டத்தட்ட பாதி நிதி. அப்புறம் 12 இடத்துல பாய்லர் ரெண்டும் சேர்த்தி. சான்றிதழ் இல்லாத ஆளை பாய்லர்ல நிறுத்த முடியாது. அதைக் கழிச்சா 10 இடம், ரெண்டு ரிலீவர் போதும், 1,24,800.

சி ஷிப்ட்
எச்ஆர் அண்ணே, அந்த ரெண்டு ரிலீவருக்கு யார் ஓய்வு கொடுப்பா? அஞ்சு பேருக்கு 12 நிமிஷம்னா 60 நிமிஷமும் அவன் சூட்டுலதான் நிக்கறான். ஒரு டிரையர்லேர்ந்து அடுத்த டிரையர். முதல்ல விழப்போறவன் அவன்.

மஞ்சள் ஹெல்மெட்
சரியான பிடி, என் கணக்கிலும் அதே ஓட்டை. ஒருவருக்கு 4 இடம்தான்: 48 நிமிடம் வேலை, 12 ஓய்வு. 10 இடத்துக்கு இரண்டரை, அதாவது 3 பேர். பாய்லர் தனி.

வில்லியனூர் எச்ஆர்
ஒத்துக்கறேன், 1,87,200. ஆனா அது உற்பத்திக் கணக்குல. அதை விட மாட்டேன்.

மஞ்சக்குப்பம் வாசி
இப்படி எழுதறேன்: மூணு ரிலீவர், கூரைப் பூச்சு, தண்ணி இடம் எல்லாம் உற்பத்திச் செலவு. நலநிதி 4 லட்சத்துல ரெண்டு நாள் ஆயுத பூஜை விழா, 180 குடும்பத்துக்கும், உற்பத்தியை நிறுத்தி. ரிசார்ட், ஆப் இல்ல. யோகா ஷிப்ட் நேரத்துல மட்டும். பாய்லர் ஆளோட ஓய்வுதான் இன்னும் தீராம நிக்குது. சான்றிதழ் உள்ள ஆள் ஷிப்டுக்கு ஒருத்தர்தான் இருக்கார், அவரே ரெண்டையும் பார்க்கறார். பிளான்ட் மேனேஜர் இன்னொருத்தரைப் பரீட்சைக்கு அனுப்பத் தயார், ஆனா அது இந்த வெயிலுக்குள்ள முடியாது. அதுவரைக்கும் அந்த மனுஷனுக்கு என்ன செய்யறது?

மஞ்சள் ஹெல்மெட்
பாய்லரை விட்டு அவர் வர முடியாது என்றால் குளிர்ச்சி அவரிடம் போகட்டும். கேஜும் வாட்டர் லெவலும் கண்ணில் படும் இடத்தில் கண்ணாடி வைத்த ஏசி கேபின், கதவு பாய்லர் பக்கம். அளவெடுக்க நாளைக்கே ஆள் அனுப்புங்கள்.